இதுல யாரு கை வச்சது?

1. கேள்வி

என் சொந்த வி.சி.ஆரிலிருந்து புகை வந்த அன்றுதான் நான் மெக்கானிக் ஆனேன். அதற்கு முன்னால் கொடைக்கானலில் பன்னிரண்டு வருஷம் கடை வைத்திருந்தேன். அது வேறு விஷயம்.

புகையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் தொழிலின் ஒரு கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஒரு வயரைச் சொருகினால் படம் வந்துவிடுகிற காலத்தில் வேலை கற்கும் பிள்ளைகளுக்கு இது விளங்குமோ என்னவோ. ரிப்பேருக்கு ஒரு செட் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது திரையை அல்ல, பின்மூடியின் ஸ்குரூவை. ஸ்குரூ தலையில் கீறல் இருந்தால் நமக்கு முன்னால் எவனோ திறந்து நோண்டியிருக்கிறான் என்று அர்த்தம். உடனே கேட்போம், "இதுல யாரு கை வச்சது?" கேட்கிற தொனியிலேயே பாதி ரிப்பேர் முடிந்துவிடும். கஸ்டமர் தலையைச் சொறிவார். மச்சான் திறந்தான் என்பார், மாமனார் திறந்தார் என்பார். அதற்குப் பிறகு நாம் ஒரு வாரம் இழுத்தாலும் வாயைத் திறக்க மாட்டார்.

எழுபதுகளில் வால்வு ரேடியோ பார்த்த காலத்திலேயே இந்தக் கேள்வி எனக்கு வாயில் ஒட்டிக்கொண்டது. எனக்கு முன்கோபம் உண்டு, நாக்கும் கொஞ்சம் நீளம். இரண்டுக்கும் இந்தக் கேள்வி வசதியாக இருந்தது.

2. டப்பா இல்லாத செட்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மலைக்கு டிவி வந்தபோது மெட்ராஸ் எட்டவில்லை. இலங்கைதான் எட்டியது. தெற்கும் கிழக்கும் பார்த்த சரிவில் வீடு இருந்து, உயரமான கம்பமும் நல்ல பூஸ்டரும் இருந்தால் படம் கண்ணாடி மாதிரி வரும். வடகவுஞ்சிப் பக்கம் எவ்வளவு உயரத்துக்குக் கம்பம் நட்டாலும் மழைதான். மழை என்றால் திரையில் புள்ளி புள்ளியாகக் கொட்டுவதைச் சொல்கிறேன். சிங்களம் இங்கே முக்கால்வாசிப் பேருக்குப் புரியாது. இருந்தாலும் உட்கார்ந்து பார்த்தார்கள். படம் அசைந்தால் போதும் என்றிருந்த காலம்.

பூஸ்டர் என்பது கம்பத்தின் உச்சியில் ஆன்டெனாவோடு கட்டுகிற சின்னப் பெட்டி. வருகிற சிக்னலைப் பெருக்கிக் கீழே அனுப்பும். அது வேலை செய்யக் கரன்ட் வேண்டும். அதற்குத் தனி வயர் இழுப்பதில்லை. படம் கீழே இறங்கி வருகிற அதே வயரில் கரன்டை மேலே ஏற்றுவோம். அந்தக் கரன்டைக் கொடுக்க டிவிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா இருக்கும். வீட்டைப் பெருக்குகிறவர்கள் அந்த டப்பாவின் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். படம் போய்விடும். எனக்கு ஆள் வரும். மூன்று மைல் நடந்து போய், பிளக்கைச் சொருகிவிட்டு, மூன்று மைல் நடந்து திரும்புவேன்.

நாலைந்து தடவை அப்படி நடந்த எரிச்சலில் ஒரு வேலை செய்தேன். டப்பாவைக் கழற்றி டிவிக்கு உள்ளேயே பொருத்திவிட்டேன். டிவி சுவிட்சைப் போட்டால் ஆன்டெனா சாக்கெட்டிலேயே பதினெட்டு வோல்ட் வந்து நிற்கும், வயர் வழியாக மேலே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. பிடுங்குவதற்குப் பிளக்கும் கிடையாது. ஊரில் வேறு எந்த மெக்கானிக்கும் அப்படிச் செய்யவில்லை. "சேகர் செட்டுல டப்பாவே கெடையாது" என்று பேச்சானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே இப்படி ஒன்று இருக்கிறது என்று மூடியில் ஒரு வரி எழுதி வைக்கலாமே என்று தோன்றவே இல்லை. எழுதினால் மற்றவன் பார்த்துக் கற்றுக்கொள்வானே.

செல்லம்மா வீட்டு செட்டும் அப்படிச் செய்ததுதான். பெருமாள்மலை தாண்டி ஒரு சரிவில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் வரிசை வீடுகள் இருந்தன. செல்லம்மா அங்கே இருந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த கை, இங்கே பிளம்ஸ் தோட்டத்தில் தினக்கூலி. எழுபதுகளில் இந்தியாவுக்கே போகிறோம் என்று எழுதிக் கொடுத்து வந்தபோது கட்டிக்கொடுத்த மகள் ராசம்மா புருஷன் வீட்டோடு அங்கேயே தங்கிவிட்டாள். இங்கே வந்த சில வருஷத்தில் செல்லம்மாவின் புருஷன் போய்ச் சேர்ந்தார். மகன் லாரி டிரைவர், வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் அதிகம்.

பழைய பதினாலு இஞ்ச் பிளாக் அண்ட் ஒயிட் செட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, "இலங்கை மட்டும் தெரிஞ்சாப் போதும் தம்பி" என்றார்.

"ஏம்மா, சிங்களத்துல செய்தி கேட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று சீண்டினேன்.

"சிங்களம் எனக்கு விளங்கும். செய்திக்காக இல்ல தம்பி. தேரு, கூட்டம், தோட்டம்னு காட்டுவாங்கள்ல, அதுல எம் மக எங்கயாச்சும் நிக்கிறாளான்னு பாப்பேன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

3. எட்டுப் பேர் கேமரா

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். தோளில் பெரிய கறுப்புப் பையோடு ஒருவன் கடைக்கு ஓடி வந்தான். இருபத்தைந்து வயதுக்குள். பெயர் ரவீந்திரன். ராசம்மாவின் புருஷனுக்குத் தம்பி. வளைகுடாவில் கட்டட வேலை. லீவில் இலங்கைக்குப் போய்த் தோட்டத்தில் அண்ணன் குடும்பத்தைப் பார்த்துவிட்டு, விமானத்தில் திருச்சி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வெள்ளனே பெருமாள்மலையில் இறங்கியிருந்தான். மறுநாள் மெட்ராஸில் விமானம் ஏற வேண்டும். அதற்குச் சாயங்காலம் நாலரை மணி பஸ்ஸை விடக் கூடாது.

பைக்குள் இருந்தது டேப் போட்டு எடுக்கிற வீடியோ கேமரா. செங்கல் கனம். ஓரமெல்லாம் தேய்ந்து, கைப்பிடி வாரில் நூல் பிரிந்திருந்தது. ஒரே ரூமில் தங்கியிருக்கிற எட்டுப் பேர் சேர்ந்து வாங்கியது. யாருக்கு லீவு வருகிறதோ அவன் ஊருக்கு எடுத்துப் போவான். இவனுக்கு அடுத்தவன் அந்த வாரமே கிளம்பக் காத்திருந்தான்.

"அண்ணே, இதுல அண்ணியப் புடிச்சிருக்கேன். செல்லம்மா அத்தை வீட்டு டிவியில சொருகினேன். கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள வந்துட்டுப் போயிருச்சு. பொறகு ஒண்ணுமே இல்ல."

அந்த டேப் சின்னது, வி.சி.ஆரில் போகாது. கேமராவில்தான் ஓடும். கேமராவிலிருந்து வருகிற படத்தை ஆர்.எஃப். அடாப்டர் என்று ஒரு தீப்பெட்டி அளவு பெட்டியில் கொடுத்தால், அது டிவி ஸ்டேஷன் மாதிரி மாற்றி ஆன்டெனா சாக்கெட்டுக்கு அனுப்பும். நான் கேமராவின் வியூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார்த்தேன். டேப் நன்றாக ஓடியது. அடாப்டரைக் கடை டிவியில் சொருகி எல்லாச் சேனலும் திருப்பினேன். மழைதான். அப்படியானால் கேமரா நல்லது, டேப் நல்லது, போனது அடாப்டர். அதன் வயரைத் திருப்பிப் பார்த்தேன். முனையில் இருந்த பின் வளைந்திருந்தது, மேலே கட்டிங் பிளேயர் கடித்த தடம்.

"இதுல யாரு கை வச்சது?" என்றேன்.

ரவீந்திரன் முகம் சுருங்கிவிட்டது. "நான்தாண்ணே. திருச்சி பஸ் ஸ்டாண்டுல எடுத்துப் பாத்தேன், லூசா இருந்திச்சு. ஒரு சைக்கிள் கடையில பிளேயர் வாங்கி லேசா நெருக்குனேன்."

"லேசா! ஏம்ப்பா, இது என்ன சைக்கிள் செயினா? தெரியாத சாமான்ல எதுக்குக் கை வைக்கிறீங்க? ஷார்ட் ஆகிப் போச்சு பாரு. நீ பண்ணின சோலிதான்."

"எட்டுப் பேரு சாமாண்ணே," என்று மட்டும் சொன்னான். அப்புறம் மெதுவாக, "அது போனாப் போகுது. அத்தைக்கு மட்டும் எப்பிடியாச்சும் காட்டிருங்க. அண்ணி செத்துப் போச்சுன்னு அத்தை நம்பிக்கிட்டு இருக்கு" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சொன்னது இதுதான். ராசம்மாவுக்கு எழுதத் தெரியாது. கடுதாசியை யாராவது எழுதிக் கொடுப்பார்கள். இங்கே செல்லம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பால்வாடி டீச்சர் வாசித்துச் சொல்வார். அங்கே கலவரம் நடந்த பிறகு நெடுநாள் கடுதாசி வரவில்லை. திரும்ப வந்தபோது எழுத்து மாறியிருந்தது. "எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனா எழுத்தோட சாடை தெரியும். இது வேற கை" என்றாராம் செல்லம்மா. மகள் போய்விட்டாள், தாய் தாங்க மாட்டாள் என்று யாரோ அவள் பேரில் எழுதுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

"நான் முந்தாநேத்து அண்ணி கையால சோறு தின்னுட்டு வந்தேன்னு சத்தியம் பண்ணுறேன். 'நீயும் நல்ல பிள்ளை, அப்பிடித்தான் சொல்லுவே'ங்குது. இந்தக் கேமரா ஓட்டையில பாக்கச் சொன்னேன். கண்ணுல புரை, மின்மினிப் பூச்சி ஓடுற மாதிரி இருக்குங்குது."

4. இரண்டாவது புகை

வழி இருந்தது. கடையில் என் வி.சி.ஆர். இருந்தது. கேமராவின் வீடியோ வயரை வி.சி.ஆருக்குள் கொடுத்தால், வி.சி.ஆர். தன் ஆர்.எஃப். சாக்கெட் வழியாக டிவிக்கு அனுப்பும். அடாப்டர் செய்கிற வேலையை அதுவே செய்யும். கடை டிவியில் கொடுத்துப் பார்த்தேன். தேயிலைச் சரிவும், யாரோ ஒரு பெண் திரும்புவதும் கலரில் பளிச்சென்று வந்தன. உடனே நிறுத்திவிட்டேன். தாய் பார்ப்பதற்கு முன் நான் பார்ப்பது சரியில்லை என்று பட்டது. அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று பிறகு நினைத்துக்கொள்வேன்.

அந்த டேப்பில் இன்னும் நாலு வீட்டு உறவுக்காரர்கள் இருந்தார்கள். வரிசை வீட்டில் யாரும் வேலைக்குப் போகாமல் காத்திருந்தார்கள். அத்தனை பேரையும் கடைக்குக் கூட்டி வருவதைவிட நாமே போய்விடலாம் என்று வி.சி.ஆரைச் சாக்கில் சுற்றி, டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். வழியெல்லாம் நான் ரவீந்திரனுக்கு உபதேசம் செய்தேன். பிளேயர் பிடிப்பது எப்படி, பின் என்றால் என்ன, கை வைக்கும் முன் யாரைக் கேட்க வேண்டும். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

செல்லம்மா வீட்டில் உட்கார இடமில்லை. செல்லம்மா மட்டும் சுவரோரமாக நின்றார். "உக்காருங்கம்மா" என்றேன். "நின்னே பாக்குறேன் தம்பி" என்றார்.

கேமராவை வி.சி.ஆரில் கொடுத்தேன். வி.சி.ஆர். வயரை டிவியின் ஆன்டெனா சாக்கெட்டில் சொருகினேன். சுவிட்சைப் போட்டேன். திரை சூடாகி, ஒரு சரிவும் ஒரு முந்தானையும் தெரிந்தன. எல்லாரும் "ஆ" என்றார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மழை கொட்டியது. கூடவே பேக்கலைட் கருகுகிற வாசனை. என் வி.சி.ஆரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய நூல் மாதிரிப் புகை வந்தது.

"அண்ணே, என் அடாப்டரும் இப்பிடித்தான் போச்சு," என்றான் ரவீந்திரன்.

எனக்குள் ஏதோ இடறியது. அவன் அடாப்டரைப் பிளேயர் கடித்தது. என் வி.சி.ஆரை எந்தப் பிளேயரும் கடிக்கவில்லை. கடையில் இரண்டு மணி நேரத்துக்கு முன் நன்றாக ஓடிய பெட்டி. இரண்டு பெட்டிகளும் ஒரே மாதிரி, ஒரே சாக்கெட்டில் சொருகிய உடனே போயிருக்கின்றன.

டிவியின் பின்மூடியைத் திருப்பினேன். பழக்க தோஷம், ஸ்குரூவைப் பார்த்தேன். தலையில் ஒரே ஒரு ஸ்குரூடிரைவரின் தடம்தான் இருந்தது, என்னுடையது. மூடியைக் கழற்றி மீட்டரை ஆன்டெனா சாக்கெட்டில் வைத்தேன். முள் பதினெட்டில் போய் நின்றது. ஓரத்தில் பச்சை டேப் சுற்றி நான் வைத்த பூஸ்டர் டப்பா, வைத்தது வைத்தபடி கிடந்தது. மேலே ஏற வேண்டிய கரன்ட், ஆன்டெனா வயர் இருந்த இடத்தில் அடாப்டர் வயர் இருந்ததால், நேரே அதற்குள் பாய்ந்து அதைக் கருக்கிவிட்டது. பிறகு என் வி.சி.ஆரையும் கருக்கிவிட்டது. ரவீந்திரன் பிளேயரால் நெருக்கிய அந்தப் பின் எந்தப் பாவமும் செய்யவில்லை.

செல்லம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கேள்வி அவருக்கும் மனப்பாடம். "என்ன தம்பி, யாராச்சும் கை வச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றேன். முப்பது பேர் இருந்தார்கள்.

5. நரைத்த தலை

செல்லம்மா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். "ரெண்டு பெட்டியும் போச்சு. அவ இருந்தாத்தானே காட்டும்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள்.

மணி இரண்டைத் தாண்டியிருந்தது. ஆன்டெனா சாக்கெட் வழி இனி இல்லை, ஆர்.எஃப். ஆக மாற்றித் தர எங்களிடம் எதுவும் மிச்சமில்லை. இன்னும் ஒரு வழி இருந்தது. ஸ்டேஷன் மாதிரி மாற்றாமல், கேமராவின் படத்தை டிவியின் வயிற்றுக்குள்ளேயே, வீடியோ ஆம்ப்ளிஃபையரில் நேராகக் கொடுப்பது. சில செட்டுகளில் சேஸிஸே, அதாவது உள்ளே இருக்கிற தகரச் சட்டமே, ஷாக் அடிக்கும், அதில் கேமராவைக் கட்டினால் கேமராவும் போகும், ஆளும் போவான். நல்லவேளையாக இது மெயின் கரன்டைச் சேஸிஸில் அண்டவிடாத டிரான்ஸ்ஃபார்மர் வைத்த செட். மீட்டரை வைத்து ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். இந்த முறை எதையும் நம்புவதாக இல்லை, முக்கியமாக என்னை. என் பச்சை டப்பாவின் வயரை வெட்டி எடுத்தேன். வீடியோ லைனில் ஒரு பாகத்தின் காலைச் சர்க்கிட்டிலிருந்து தூக்கிவிட்டு, ஒரு கன்டென்சர் வழியாகக் கேமரா வயரைச் சால்டர் வைத்தேன்.

சுவிட்சைப் போட்டதும் படம் வந்தது. ஆடாமல் நின்றது. கூட்டம் மூச்சு விட்டது.

ஆனால் வானம் கறுப்பாக இருந்தது. தேயிலைச் செடி வெள்ளையாக இருந்தது. ஒரு பெண் கேமராவைப் பார்த்து நடந்து வந்தாள். முகம் கரி, தலை பஞ்சு மாதிரி வெளுப்பு.

செல்லம்மா எழுந்தே விட்டார். திரைக்கு ஒரு முழம் தூரத்தில் போய் நின்று பார்த்தார்.

"இது அவ மாமியா," என்றார். "தலை நரைச்சிருக்கு. சம்மந்தியம்மாவக் காட்டுறீங்க. எம் மக எங்க? ஏலே ரவீந்திரா, எம் மக எங்கடா?"

"அத்தை, அது அண்ணிதான்! ஐயோ, சத்தியமா அண்ணிதான்!"

"அம்மா, படம் மாத்தி விழுந்திருக்கு. போட்டோ கடையில நெகட்டிவ் பாத்திருப்பீங்கள்ல, கறுப்பு வெள்ளையாத் தெரியும், அது மாதிரி. நான் சரி பண்ணித் தாரேன்," என்றேன்.

"எல்லாரும் ஒண்ணு சேந்துக்கிட்டீங்க." அவ்வளவுதான் சொன்னார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார்.

சிக்னலைத் தலைகீழாகப் புரட்ட ஒரு டிரான்சிஸ்டர் போதும். பி.சி. 148 ஒன்றும் சில ரெசிஸ்டரும் பையில் கிடந்தன. சின்ன அட்டைத்துண்டில் அவற்றைக் கோர்த்து இடையில் வைத்தேன். வால்யூம் கன்ட்ரோலில் ஆடியோ வயரையும் பிடித்தேன். மணி மூன்றரை. வெளியே பனிமூட்டம் இறங்கிவிட்டது. ரவீந்திரன் டேப்பை முதலிலிருந்து சுற்றினான்.

"அம்மா, இப்பப் பாருங்க."

அவர் திரும்பவில்லை. அதற்குள் குரல் வந்துவிட்டது.

"அம்மா, நான் ராசம்மா கதைக்கிறேன்."

செல்லம்மா திரும்பினார். வானம் வெளுத்திருந்தது, செடி கறுத்திருந்தது. ஒரு பெண் தலையில் கட்டிய கயிற்றோடு முதுகுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். முடி கறுகறுவென்று இருந்தது.

"சுகமா இருக்கேன் அம்மா. நீங்க நான் இல்லன்னு நெனைக்கிறதா டீச்சர் கடுதாசி போட்டிருந்தாங்க. எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. முந்தி எழுதிக் குடுத்த கணக்கப்பிள்ளை மக கலியாணம் கட்டிப் போயிருச்சு. இப்ப எழுதுறது இவன்தான். டேய், எழுதிக் காட்டுடா."

ஒன்பது வயது இருக்கும், ஒரு பையன் முன்னால் வந்தான். சிலேட்டை முழங்காலில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். எழுதிக் கேமராவுக்கு நேராகப் பிடித்தான். 'அம்மாயி' என்று இருந்தது. அகரத்தின் வாலைத் தேவையில்லாமல் கீழே வரைக்கும் இழுத்திருந்தான்.

வாசிக்கத் தெரியாத செல்லம்மா திரையில் அந்த வாலின் மேல் விரலை வைத்தார்.

"இதுதான். இந்தச் சாடைதான்," என்றார். "எம் பேரன் கையா இது!"

பிறகு அவர் அழுததை நான் எழுதப் போவதில்லை. நானும் அழுதேன். சால்டர் புகை கண்ணில் பட்டது என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டேன்.

6. கீழே ஒரு பேர்

மற்ற வீட்டுக்காரர்களும் பார்த்து முடித்தார்கள். என் வி.சி.ஆரில் ஆர்.எஃப்.தான் போயிருந்தது, ரெக்கார்டிங் வேலை செய்தது. ஓடும்போதே ஒரு காப்பி எடுத்து வைத்தேன்.

தேத்தண்ணி வந்தது. ரவீந்திரன் செல்லம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "நான் அந்தப் பின்னுல கை வைக்காம இருந்திருந்தா வெள்ளனே பாத்திருப்பீங்க அத்தை. நாள் முழுக்க உங்கள அழ வச்சிட்டேன்" என்றான்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். தேத்தண்ணியைக் குடித்தேன். டம்ளர் காலியான பிறகும் குடிக்கிற மாதிரியே உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, வெரசா ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. இவன் தபால்ல போட்டுருவான். டீச்சர் ஊர்ல இல்ல," என்றார் செல்லம்மா. என் பில் புக்கின் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பார்த்தேன், நம்பிட்டேன், பேரனை நல்லாப் படிக்க வை, வாலைக் கொஞ்சம் கொறைச்சு எழுதச் சொல்லு. முடித்துக் காகிதத்தை மடிக்கப் போனேன்.

"கீழ உங்க பேரப் போடுங்க தம்பி."

"என் பேரு எதுக்கும்மா? உங்க கடுதாசி."

"எழுத்து மாறியிருக்குல்ல? அங்கிட்டும் ஒருத்தி இது யாரு கைன்னு முழிச்சிக்கிட்டுக் கெடப்பா. எழுதினது இன்னாருன்னு போட்டுட்டா அவளுக்கு நிம்மதி."

'எழுதியது: மெக்கானிக் சேகர்' என்று போட்டேன். போட்டுவிட்டு அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். "ரவி, நீ நெருக்குன அந்தப் பின்னால ஒண்ணும் ஆகல. இந்த டிவிக்குள்ள பூஸ்டர் கரன்ட வச்சது நான். யார்கிட்டயும் சொல்லாம வச்சேன். உன் அடாப்டரக் கருக்கினதும் நான்தான். ரெண்டு மணிக்கே தெரியும். சொல்ல வாய் வரல."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"காலையில இருந்து என்னைய என்னா பேச்சுப் பேசினீங்கண்ணே," என்றான். பிறகு பெருமூச்சு விட்டான். "பரவாயில்ல. எட்டுப் பேரு சாமானக் கெடுத்துட்டேனே, அவங்க மூஞ்சியில எப்பிடி முழிக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நீங்க சொன்னத ஒரு துண்டுல எழுதிக் குடுங்க. ரூம்ல காட்டணும். கீழ பேரப் போட்டு."

'அடாப்டர் பழுதானது என் தவறு. ரவீந்திரன் காரணம் இல்லை. மெக்கானிக் சேகர், கொடைக்கானல்.' இரண்டாவது துண்டிலும் கையெழுத்துப் போட்டேன். அதை அவன் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டான். நாலரை மணி பஸ்ஸை ஓடிப் பிடித்தான்.

செல்லம்மா வாசலில் நின்று, "நல்லவேளை நீங்க கை வச்சீங்க தம்பி" என்றார். கேலியா, வாழ்த்தா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

7. பிறகு

அந்த வாரமே நான் டப்பா வைத்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போனேன். டப்பாவை வெளியே எடுத்துவிட்டு, நான் என்ன செய்திருந்தேன் என்பதையும் சொன்னேன். ஒரு எஸ்டேட் துரை வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு எந்த செட்டைத் திறந்தாலும், மூடுவதற்கு முன் உள்ளே பெயின்டால் எழுதுவேன்: என்ன மாற்றினேன் என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'கை வச்சது: சேகர்'. மற்ற மெக்கானிக்குகள் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கலாய்ப்பார்கள். "சேகர் கை வச்சதுன்னு அவனே எழுதியிருக்கான், அப்புறம் எப்பிடிப் படம் தெரியும்?" என்பார்கள். சிரித்துக்கொள்வேன்.

செல்லம்மா ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து அந்தக் காப்பியைப் போடச் சொல்லிப் பார்ப்பார். சிலேட்டு வரும் இடத்தில் நிறுத்தச் சொல்வார். சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, மடியிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் பிரித்து, "அன்புள்ள அம்மாவுக்கு" என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும் தம்பி. கீழ பேரு போட்டிருக்கானா, அத மொதல்ல பாருங்க."

போட்டிருந்தான். வாலைக் குறைக்கவே இல்லை.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. "இதுல யாரு கை வச்சது?" என்று கேளுங்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான், நானும் கடையை மூடுகிற வரைக்கும் கேட்டேன். மூடியைக் கழற்றி, உள்ளே என் பேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் கேட்டேன்.